மீதி நாளுக்கு வெற்றிலை பாக்கு வைத்த ஊர்

எங்கள் கரட்டு நாட்டில் ஏழு ஊர்களுக்கு ஏழு கிழமைகளைப் பிரித்துக் கொடுத்து, திங்கள் இந்த ஊருக்கு, செவ்வாய் அந்த ஊருக்கு என்று சந்தைமேட்டுக்குச் சந்தைமேடு தகரப் பலகை அடித்து, இனி யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான், எட்டாவதாகக் கருங்கரடு என்று ஓர் ஊர் இருப்பது யாருக்கோ நினைவுக்கு வந்தது. அதற்குள் கிழமைகள் தீர்ந்துபோயிருந்தன.

நான் புளியம்பேட்டைக்காரன், பெயர் வெள்ளிங்கிரி, வெங்காய வியாபாரி. எங்கள் ஊருக்குக் கிடைத்தது புதன்கிழமை. இந்தக் கதையில் தோற்ற கட்சி நாங்கள்தான், ஆகவே நான் சொல்வதை நீங்கள் தாராளமாக நம்பலாம். ஜெயித்தவர்கள் வந்து சொன்னால் கொஞ்சம் கழித்துக்கொண்டு கேட்க வேண்டியிருக்கும்.

சந்தை என்பது எங்கள் பக்கத்தில் விற்பதும் வாங்குவதும் மட்டுமில்லை. நிழலுக்கு நிழல் என்று ஒரு வழக்கம் உண்டு. உன் ஊர்ச் சந்தையில் என் ஊர்க்காரனுக்கு மரத்தடியில் ஓர் இடம் கொடுத்தால், என் ஊர்ச் சந்தையில் உன் ஊர்க்காரனுக்கு மரத்தடியில் ஓர் இடம். ஏழு ஊரும் இப்படி ஒன்றுக்கொன்று நிழலைக் கொடுத்து வாங்கி, யார் தலையிலும் வெயில் படாமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தன. சந்தை இல்லாத ஊருக்குத் திருப்பிக் கொடுக்க நிழல் இல்லை. அதனால் கருங்கரட்டுக்காரர்கள் ஏழு சந்தையிலும் கடைசியில், ஆடு கட்டும் இடத்துக்கும் பஸ் திரும்பும் இடத்துக்கும் நடுவே, வெட்டவெளியில்தான் கூடையை இறக்க வேண்டும். இதை யார் எழுதிவைத்தார்கள் என்றால் யாரும் எழுதவில்லை. எழுதிவைத்ததை மீறுகிற ஆட்கள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு, எழுதாததை மீற மட்டும் ஒருவருக்கும் தைரியம் வராது.

கருங்கரட்டில் விளைவதோ தக்காளி. வெயிலில் தக்காளி பதினொரு மணிக்குக் குழையும், ஒரு மணிக்குத் தோல் வெடிக்கும், இரண்டு மணிக்கு வாங்க வருகிறவர்கள் நமக்கு ஏதோ தர்மம் செய்ய வந்த மாதிரிப் பேசுவார்கள். அந்த ஊர்ப் பழனாத்தாள் பதினாலு வயதில் அந்தக் கூடையைத் தலையில் தூக்கியவள். இருபத்தெட்டு வருடமாக ஏழு நாளும் ஏழு சந்தைக்கும் போய் வந்து, அவள் உச்சந்தலை முடி செம்பட்டையாகி, வகிடு எடுக்கும் இடத்தில் தோல் கறுத்திருந்தது. எந்தச் சந்தையில் எந்த மரத்து நிழல் எத்தனை மணிக்கு எதுவரை நீளும் என்பது, அந்த நிழலில் உட்கார்ந்தவர்களைவிட வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, வைகாசி மாதம், எங்கள் புதன் சந்தை. அன்றைக்கு அவளோடு மகள் கோமதியும் வந்திருந்தாள், பதினெட்டு வயது, சந்தைக்குப் புதிது. உச்சிவேளையில் எடை போட்டுக்கொண்டிருந்தவள் தராசைப் பிடித்த கையோடு தக்காளி மேலேயே சாய்ந்துவிட்டாள். நான்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். பழனாத்தாள் அதை வாங்கி மகளின் முகத்தில் தெளித்துவிட்டு, என் வெங்காய மூட்டைக்கும் பக்கத்து மிளகாய்க்காரருக்கும் நடுவில் கிடந்த நிழலைப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, புள்ளைய மட்டும் செத்த நேரம் உங்க மூட்டையோரமா படுக்க வெச்சுக்கட்டுங்களா?"

நான் சந்தைக் குத்தகைக்காரர் சென்னியப்பனைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார், சம்மதமாக இல்லை.

"இன்னைக்கு ஒருத்திக்கு எடம் உட்டா நாளைக்கு ஊரே வந்து உக்காந்துக்கும் புள்ள. வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல. பஸ்ஸு நிக்குது பாரு, அது நெழல்ல போட்டுக்க" என்றார்.

நான் தண்ணீர் கொடுத்தேன், இடம் கொடுக்கவில்லை. இத்தனை வருடம் கழித்துச் சொல்லும்போதும் எனக்கு அது வெட்கமாகத்தான் இருக்கிறது. பழனாத்தாள் சத்தம் போடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, "அடுத்த வருசம் எம்புள்ள வெயில்ல உக்கார மாட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

அவள் வீட்டுச் சுவரில் ஒரே ஓர் ஆணி. வருடா வருடம் வருகிற மாதக் காலண்டரைப் பழையதைக் கழற்றாமல் அதன் மேலேயே மாட்டி மாட்டி, இருபத்தெட்டு காலண்டர் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கி, அந்த ஆணி சுவரைவிட்டு வராமல் இருந்ததே பெரிய காரியம். அந்த வருடம் எந்தக் கடையிலும் அவளுக்குப் புதுக் காலண்டர் கொடுக்கவில்லை. அவளும் சளைக்காமல் அடியில் கிடந்த ஐம்பத்தெட்டாம் வருடத்துக் காலண்டரை உருவி மேலே மாட்டியிருந்தாள். ஊர் சிரித்தது. ஜனவரி இருபத்தாறு ஞாயிறு என்றால் அதிலும் ஞாயிறாக இருந்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மாதம் போகப் போக ஒரு கிழமைகூடப் பிசகவில்லை என்றதும் நின்றே போனது. அமாவாசையும் பௌர்ணமியும் மட்டும்தான் ஒத்துவரவில்லை. சந்திரன் யார் பேச்சைக் கேட்டான்?

கோமதி மயங்கிய அன்று மாலை பழனாத்தாள் அத்தனை காலண்டரையும் கழற்றித் தரையில் பரப்பி உட்கார்ந்தாள். ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனால் ஏழு சந்தைக்கும் கால் தேய நடந்தவளுக்குக் கிழமைகள் சொந்தக்காரர்கள் மாதிரி, எது யாரோடு கூடும் எது யாரோடு முறுக்கிக்கொள்ளும் என்று பார்த்த உடனே தெரிந்தது. ஏப்ரலும் ஜூலையும் அக்கா தங்கை, ஒன்று எந்தக் கிழமையில் காலெடுத்து வைக்கிறதோ அதே கிழமையில்தான் மற்றதும் வைக்கும்; செப்டம்பரும் டிசம்பரும் அப்படியே; பிப்ரவரி, மார்ச், நவம்பர் மூன்றும் ஒரு தாய் மக்கள், லீப் வருடம் வந்தால் மட்டும் அந்தக் குடும்பத்தில் விரிசல் விழுந்து பிப்ரவரி பிரிந்துபோய் ஆகஸ்டோடு சேர்ந்துகொள்ளும்; மேயும் ஜூனும் மட்டும் எந்த வருடத்திலும் எந்த மாதத்தோடும் ஒட்டாமல், கருங்கரட்டைப் போலத் தனியாகவே நிற்கும். இருபத்தெட்டு காலண்டரிலும் வேறு வேறானவை பதினாலே பதினாலுதான். ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்பது, எழுபத்தைந்து, இந்த எண்பத்தாறு, நான்கும் அச்சு அசலாக ஒன்று. எல்லாவற்றையும்விட அவள் கண்ணில் பட்டு நின்றது வேறு: லீப் இல்லாத எந்த வருடமானாலும் அது எந்தக் கிழமையில் பிறக்கிறதோ அதே கிழமையில்தான் முடிகிறது.

டிசம்பர் மாதத் தொடக்கத்தில், ஒன்றிய ஆணையர் அருளானந்தத்தின் மேசைமேல் கருங்கரட்டுக்கு ஒரு சந்தை நாள் கேட்டு அவள் தன் பதினோராவது மனுவை வைத்தாள். பத்து மனுவுக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: பக்கத்துப் பக்கத்தில் உள்ள ஊர்களில் ஒரே நாளில் இரண்டு சந்தை கூடக் கூடாது, கிழமையோ ஏழுதான், நான் என்ன செய்யட்டும்? அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தப் பதிலை ஒவ்வொரு முறையும் வருத்தத்தோடுதான் சொல்வார்.

"ஏழு கெழமைலயும் எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க" என்றாள் பழனாத்தாள். "வருசத்துக்கு அம்பத்திரண்டு வாரமுங்க. அது போக ஒரு நாள் மீதி நிக்குது பாருங்க, கடைசி நாளு, அது எந்த வாரத்தோடயும் சேராதது. ஒரு வருசம் புதங்கெழமைக்காரன் வாசல்ல போயி நிக்குது, மறு வருசம் வெயாளக்கெழமைக்காரன் வாசல்ல நிக்குது. அதுக்குன்னு ஒரு ஊரு கெடையாது. எங்களுக்குன்னு ஒரு நாளு கெடையாது. அதை எங்களுக்குக் குடுத்துப்போடுங்க."

ஆணையர் பேனாவை மூடிவைத்தார். அந்த இடத்தில் அவர் சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை.

"நாளைக் கொடுக்கிற அதிகாரம் எனக்கு இல்லம்மா. ஆனா ஒண்ணு சொல்றேன். கிழமை இல்லாத நாள் ஒண்ணு உங்க ஊர்ல வந்து நின்னுச்சுன்னா ஆள் அனுப்புங்க. நானே ஜீப்ல வந்து கையெழுத்துப் போடுறேன்."

எங்கள் பக்கத்தில் அழைக்காத வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டால் போகாமல் இருக்க மாட்டார்கள். டிசம்பர் முப்பது, செவ்வாய்ச் சந்தை முடிந்து வந்த கையோடு, பொழுது சாய்வதற்கு முன்னால், பழனாத்தாளும் கோமதியும் கருங்கரட்டுச் சந்தைக்கென்று யாரோ எப்போதோ ஒதுக்கி முள் மண்டிக் கிடந்த புறம்போக்கைப் பெருக்கி, அங்கே நின்ற ஏழு வேம்புக்கும் அடியில் தண்ணீர் தெளித்தார்கள். பிறகு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம் வைத்து எடுத்துக்கொண்டு, ஊர் எல்லைப் பாலத்துக்குப் போய், யாருமில்லாத ரோட்டைப் பார்த்து நின்றார்கள்.

"ஏனுங்க, உங்களத்தான்" என்றாள் பழனாத்தாள். "வருசா வருசம் வர்றீங்க, அடுத்தவிங்க கெழமைக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு நிக்கறீங்க, உங்களை வாங்கன்னு யாரும் கூப்புட்டதில்ல. எங்களையும் கூப்புட்டதில்லீங்க. நாளைக்கு எங்கூருக்கு வந்துபோடுங்க."

தாம்பாளத்தைப் பாலத்துக் கட்டையில் வைத்துவிட்டு இருவரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டார்கள்.

காலையில் டீக்கடை ஆறுச்சாமி தேதிக் காலண்டரில் முப்பதைக் கிழித்தார். முப்பத்தொன்று இருந்தது, டிசம்பர் இருந்தது, மார்கழி பதினாறு இருந்தது. கிழமை இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. கீழே ராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றுக்கும் நேரே ஒன்றுமில்லை, சூலம் என்பதற்கு நேரே திசையில்லை. அச்சுப் பிழை என்று நினைத்து எதிரே இருந்த கூட்டுறவு சொசைட்டியில் போய்ப் பார்த்தார், அங்கும் அப்படியே. "இன்னைக்கு என்ன கெழமைங்க?" என்று சொசைட்டிக் காவலாளியைக் கேட்டார். காவலாளி வாயைத் திறந்தார், மூடினார், "முப்பத்தொண்ணுங்க" என்றார். பிறகு ஆறுச்சாமி போய் பாலைக் காய்ச்சினார்.

கருங்கரடு அந்த நாளை ஏற்றுக்கொண்ட விதத்தை நான் நேரில் பார்த்தவர்களிடம் ஒருவர் விடாமல் கேட்டிருக்கிறேன், யாரும் பதறியதாகச் சொல்லவில்லை. விருந்தாளி வந்தால் முதலில் என்ன சமைப்பது என்றுதான் கேள்வி வரும், அங்கேயும் அதுதான் வந்தது. கறி எடுக்கலாமா கூடாதா என்று தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அரைமணி நேரம் பேசி, கூடாது என்று சொல்ல ஒரு கிழமை இல்லாதபோது கூடும் என்றுதான் அர்த்தம் என முடிவு செய்தார்கள். செவ்வாய்க்கிழமை கடை திறக்காத நாவிதர் மாரப்பன், இது செவ்வாய் இல்லை என்பது நிச்சயமானதும் திறந்தார். வெள்ளிக்கிழமை வந்து பேசிக்கொள்ளலாம், வியாழன் கழியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்த பேச்சுகள் எல்லாம், இனித் தள்ள இடமில்லாமல், அன்றைக்கே பேசி முடிக்கப்பட்டன. நஞ்சப்பன் என்று ஒருவர், ராகு காலம் பார்த்து, எமகண்டம் பார்த்து, சூலம் பார்த்து நான்கு வருடமாகக் கூரையில் ஓட்டை அடைக்காமல் இருந்தவர், அவர் மனைவி காலண்டரைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்ட, ஏணியை எடுத்துவந்து சாத்தினார். பத்து மணிக்கு அவர் கூரைமேல் இருந்தார்.

பழனாத்தாள் ஏழு மணிக்கே ஏழு வேம்புக்கு அடியிலும் சாக்கு விரித்துவிட்டு, கோமதியைக் காவல் வைத்துவிட்டு, ஆணையர் அலுவலகத்துக்கு பஸ் ஏறியிருந்தாள்.

புளியம்பேட்டையில் எங்களுக்கு அன்று புதன்தான். வருடத்தின் ஐம்பத்து மூன்றாவது புதன், எங்களுக்கு மட்டும் ஒரு சந்தை கூடுதல் என்று சென்னியப்பன் புது வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். ஆனால் பஸ்ஸில் வர வேண்டிய ஜனம் வரவில்லை. வந்த இரண்டொருவரும் கருங்கரட்டில் கெட்ட நேரமே இல்லாத நாள் ஒன்று வந்து நிற்கிறது, எல்லோரும் அங்கே இறங்கிக்கொண்டார்கள் என்றார்கள். "வெள்ளிங்கிரி, போயி என்னன்னு பாத்துட்டு வா" என்று சென்னியப்பன் என்னை சைக்கிளில் அனுப்பினார்.

நான் சூதானமான ஆள். வழியெல்லாம் புதன், புதன், புதன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மிதித்தேன். பாலத்தில் முன்சக்கரம் ஏறியது, அந்தச் சொல் என் வாயிலிருந்து போய்விட்டது. மறந்துபோகவில்லை, மறந்திருந்தால் தேடலாம். அது இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை, பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி இருந்தது. இறங்கி, சைக்கிளைப் பின்னால் தள்ளிக்கொண்டு பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்தேன், புதன் வந்தது. மறுபடி போனேன், போய்விட்டது. மூன்று தடவை செய்து பார்த்துவிட்டு, பாலத்துக் கட்டையில் இருந்த தாம்பாளத்தைப் பார்த்தேன். வெற்றிலையும் பாக்கும் பழமும் இல்லை, தாம்பாளம் மட்டும் துடைத்துவைத்தது போல இருந்தது. ஆடு தின்றிருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

உள்ளே போனால் ஏழு வேம்படியும் நிறைந்து கிடந்தது. திங்கள் ஊர்க்காரர், வெள்ளி ஊர்க்காரர், ஞாயிறு ஊர்க்காரர், எல்லோரும் தங்கள் ஊரில் சந்தை இல்லாத நாளென்பதால் கை வீசிக்கொண்டு வந்திருந்தார்கள். எந்த மணியில் தொடங்கினாலும் நல்ல மணி என்பதால், வருவதும் போவதும் விற்பதும் வாங்குவதும் எந்த நேரத்துக்காகவும் காத்திருக்கவில்லை. நான் பார்க்க வந்ததை மறந்து அரை மணி நேரம் சுற்றினேன். அந்த அரை மணியும் சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பதினொரு மணிக்கு ஆணையரின் ஜீப் வந்தது, முன்சீட்டில் பழனாத்தாள். அவர் ஆறுச்சாமியின் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து உத்தரவுத் தாளை எடுத்து, தேதி எழுதி, கிழமை என்ற இடத்தில் பேனாவை வைத்தார். பேனா அங்கேயே நின்றது. உதறிப் பார்த்தார், மை இருந்தது.

அப்போதுதான் சென்னியப்பனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. "சார், இந்தத் தாள்ல நீங்க கையெழுத்துப் போட்டா நான் கோர்ட்டுக்குப் போவேன். இன்னைக்கு எங்க நாளு."

"எந்த நாள்?" என்றார் ஆணையர்.

"எங்க நாளுங்க. இன்னைக்கு வந்து…" சென்னியப்பன் நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். "இன்னைக்குங்க…"

"பேரைச் சொல்லுங்க. சொன்னா எழுதிக்கிட்டு உங்க ஊருக்கே விட்டுடுறேன்."

சென்னியப்பன் சுலபமாக விடுகிறவர் இல்லை. விறுவிறுவென்று பாலத்துக்கு நடந்து, அந்தப் பக்கம் போய் நின்று, கருங்கரடு முழுக்கக் கேட்கிறபடி ஏதோ கத்தினார்; வாய் அசைந்தது, சத்தம் வந்தது, இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கு அது சொல்லாக வந்து சேரவில்லை. திரும்பி வந்து என் முதுகில் ஒரு தாளை வைத்து எழுதப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி பாலத்துக்கு அப்பால் போய், அங்கேயே பெரிய எழுத்தில் எழுதி, மையை ஊதிக் காயவைத்து, தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்து ஆணையர் முன் விரித்தார். "இன்று எங்கள்" என்று இருந்தது, பிறகு ஒரு சாண் வெள்ளை, பிறகு "ஆகும்" என்று இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் கொஞ்சம் முட்டிக்கொண்டு வந்தது, தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பழனாத்தாளைப் பார்த்தார், குரல் இறங்கியிருந்தது. "அப்ப எங்களுக்கு மட்டும் நட்டமா? எங்க நாளை எடுத்துத்தான உங்க ஊர்ல வெச்சிருக்கறே?"

பழனாத்தாள் எதிரில் வந்து நின்றாள். கோமதியைக் கூப்பிட்டு, ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த இருபத்தெட்டு காலண்டரையும் அவர் காலடியில் விரிக்கச் சொன்னாள்.

"உங்களுது மட்டும் இல்லீங்க. இந்த வருசம் உங்க ஊரு. அடுத்த வருசக் கடைசி வெயாளக்கெழமைக்காரவிங்க. அதுக்கடுத்தது லீப் வருசம், அப்ப ரெண்டு நாள் மீதி, வெள்ளி ஒண்ணு சனி ஒண்ணு. அப்புறம் ஞாயிறு, திங்க, செவ்வா. நீங்களே எண்ணிப் பாருங்க, இருவத்தெட்டு வருசத்துக்கு முப்பத்தஞ்சு நாள் மீதி வருது, ஏழு ஊருக்கும் அஞ்சஞ்சு. ஒருத்தருக்குக் கூடுதலும் இல்ல, ஒருத்தருக்குக் கொறைச்சலும் இல்ல. இதைவிட நாயமா எந்தப் பங்காளிங்க பங்கு பிரிச்சிருக்கறாங்க?"

சென்னியப்பன் எண்ணினார். நாங்களும் எண்ணினோம். ஆணையர் பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒருவர் எண்ணி முடித்ததும் அடுத்தவர் எண்ணினார், மாரப்பன் சவரக் கத்தியோடு வந்து எண்ணினார், நஞ்சப்பன் கூரையிலிருந்து இறங்கி வந்து எண்ணிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். ஐந்துதான் வந்தது. எப்படிப் பார்த்தாலும் ஐந்து.

"சந்தை நாள்: கிழமை இல்லாத நாள். வருடத்தில் ஒன்று, லீப் வருடத்தில் இரண்டு" என்று ஆணையர் எழுதினார். அதை எழுதும்போது பேனா ஓடியது. வருடத்துக்கு ஒரு நாள் கூடினால் அது சந்தை ஊரா என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். எத்தனை நாள் கூட வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தைப் போட்டார். எழுதாததை மீற முடியாத எங்கள் நாட்டில், எழுதாத ஒன்று முதல்முறையாக எதிர்ப்பக்கத்துக்கு உதவியது.

பழனாத்தாள் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஏழு வேம்பையும் ஏழு ஊருக்குப் பிரித்துக் கொடுத்தாள். எங்கள் புளியம்பேட்டைக்கு அவள் கொடுத்தது இருப்பதிலேயே பெரிய மரம், காலையிலிருந்து மாலைவரை நிழல் அசையாத மரம். இருபத்தெட்டு வருடம் நிழலை வெளியிலிருந்து பார்த்தவள் கணக்கு தப்புமா?

அதன்பிறகு அந்த நாள் வராமல் இருந்ததே இல்லை. எண்பத்தேழில் வியாழன் ஊர்க்காரர்கள் ஒரு முறைப்பும் இல்லாமல் விட்டுக்கொடுத்தார்கள். எண்பத்தெட்டில் இரண்டு நாள் வந்தபோது தாம்பாளத்தில் இரண்டு பங்கு வெற்றிலை வைத்தார்கள். இப்போது நாற்பது ஊர் ஜனம் வருகிறது. வருடம் முழுக்கத் தள்ளிப்போட்ட காரியங்களை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து அங்கே தொடங்குகிறார்கள். நஞ்சப்பனின் கூரை ஒழுகுவதில்லை.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அடுத்த புதன், எண்பத்தேழு ஜனவரி ஏழாம் தேதி. எங்கள் சந்தை. பழனாத்தாளும் கோமதியும் பஸ்ஸைவிட்டு இறங்கினார்கள், தலையில் கூடை. பழக்கத்தில் பழனாத்தாளின் கால் ஆடு கட்டும் பக்கமாகத் திரும்பியது. கோமதி அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். இரண்டு பேரும் புளியமரத்து வரிசையைப் பார்த்து நடந்து வந்தார்கள். சந்தையில் கூவிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூவுவதை நிறுத்தினோம்.

சென்னியப்பன் எழுந்தார். அவர் ஏதாவது சொல்லித் தடுப்பார் என்று நான் பயந்தேன். அவர் என் மூட்டைக்கும் மிளகாய்க்காரருக்கும் நடுவில் வந்து நின்று, காலால் சருகை ஒதுக்கி, தன் தோள் துண்டாலேயே தரையைத் தட்டிவிட்டு, "வாங்க, இங்க உக்காருங்க" என்றார். இருபத்தெட்டு வருடத்தில் அவளிடம் அவர் பன்மையில் பேசியது அன்றுதான். அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பழனாத்தாள் உட்காரவில்லை. கோமதியைத் தோளைப் பிடித்து முதலில் உட்கார வைத்தாள். பிறகு தான் உட்கார்ந்தாள். கூடையைத் திறந்தாள், தக்காளி பறித்த மாதிரியே இருந்தது. உச்சிவேளை வந்தபோது தன் தலைமேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள், சூடாக இல்லை, கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு அழுதாள், கூடவே சிரிக்கவும் செய்தாள்.

"ஏனுங்ணா, இடம் உங்களுக்கு நெருக்கமா இருக்குதுங்களா?" என்று கோமதி என்னைக் கேட்டாள்.

"இல்லம்மணி, தாராளமா இருக்குது" என்றேன். என் மூட்டையை இன்னும் ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். நிழல் அதுவரைதான் இருந்தது. என் இடது முழங்காலில் வெயில் பட்டது. பட்டால் படட்டும் என்று நீட்டிக்கொண்டே உட்கார்ந்து வெங்காயம் விற்றேன்.